நீலக் கறி

என் அண்ணனின் தாடையை உடைத்தது நான்தான். விசாரணையில் கேட்டார்கள், ஆமாம் என்றேன். சாயம் கலக்கும் கட்டையால் அடித்தேன். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. முதல் அடியில் வாயிலிருந்ததில் பாதிதான் வெளியே வந்தது, அதனால் இரண்டாவது அடி.

நான் உணவு ஒழுங்குத் துறையில் வேலை பார்த்தவள். சோதனையில் பிடிபடும் பண்டத்தை யாரும் விற்க முடியாதபடி அதன் மேல் நீலச் சாயம் ஊற்றுவது என் வேலை. அதிகாரி உத்தரவு போடுவார், நான் ஊற்றிவிட்டுப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவேன். வீட்டுச் சமையலறைக்குள் ஆண் ஊழியர்கள் நுழையக் கூடாது என்று ஒரு விதி இருந்ததால் ஒரு பெண் தேவைப்பட்டாள், அப்படித்தான் எனக்கு அந்த வேலை கிடைத்தது. எத்தனை சோப்புப் போட்டாலும் நகத்துக்கடியில் நீலம் போகாது. எங்கள் தெருப் பெண்கள் என்னை நீலக்கைக்காரி என்பார்கள், அதுவும் முகத்துக்கு நேராகவே.

சட்டம் வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அளவுக்கு மேல் உப்பு உள்ள எதையும் செய்யக் கூடாது, விற்கக் கூடாது, வீட்டில் வைத்திருக்கவும் கூடாது. இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்குச் சிவப்பு அட்டை. அந்த அட்டைக்காரன் ஒரு ரொட்டி வாங்கினாலும் கடைக்காரன் அட்டையைப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். உப்பு விஷம், கொழுப்பு விஷம், சர்க்கரை விஷம் என்று எங்கள் வேன் தெருத்தெருவாகக் கத்திக்கொண்டு போகும். அந்த ஒலிபெருக்கியில் இருந்தது என் குரல். அலுவலகத்தில் திக்காமல் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று என்னை உட்கார வைத்துப் பதிவு செய்தார்கள்.

நான் அதைக் கடனே என்று படித்தவள் இல்லை. எங்கள் அம்மா ஐம்பத்திரண்டு வயதில் அடுப்பு முன்னால் சரிந்தாள். பாதி முகம் கோணிப்போய் ஒரு வாரம் கிடந்து செத்தாள். மூன்று வேளையும் உப்புக்கறி இல்லாமல் சாப்பிட மாட்டாள். அவளுக்கு யாராவது சட்டம் போட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்று நான் நினைத்ததுண்டு.

அண்ணன் அதே சாவைப் பார்த்துவிட்டு வேறு முடிவுக்கு வந்தான். "அம்மா ஆசைப்பட்டதைச் சாப்ட்டு ஐம்பத்திரண்டு வருஷம் இருந்தா. நீ சப்புன்னு தின்னு நூறு வருஷம் இரு, யார் வேணாம்னா?" என்பான். அம்மாவின் இறைச்சிக் கடையை அவனும் அண்ணியும்தான் நடத்தினார்கள். அவன் கறியை வெட்டுவான், அண்ணி உப்புப் பிசறித் தொங்கப் போடுவாள். அவன் அட்டையும் சிவப்புத்தான். தன் கையால் செய்ததைத் தான் தின்னக் கூடாது என்று ஒருத்தன் சொல்வதா என்று அவனுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். அவனுக்குக் கோபம் வந்தால் அதற்கும் சேர்த்து அழுத்தம் ஏறும் என்று நான் சொன்னால் அதற்கும் கோபம் வரும்.

இங்கே நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். சாயம் ஊற்றிய கறியை நாங்கள் எடுத்துப்போக மாட்டோம். கடைக்காரனே இரண்டு நாளுக்குள் தன் செலவில் குழி தோண்டிப் புதைக்க வேண்டும் என்பது விதி. எவன் புதைப்பான்? சாயம் வெறும் நிறம்தான், உடம்புக்கு ஒன்றும் செய்யாது, வெந்நீரில் இரண்டு அலசு அலசினால் போய்விடும் என்று அண்ணனுக்குச் சொன்னதே நான்தான். கொழுப்பு ஓரத்தில் மட்டும் கொஞ்சம் நீலம் நிற்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டில் உட்கார்ந்து நானும் அதைத் தின்றேன். மூன்று பேரும் நீல நாக்கை நீட்டிக் காட்டிச் சிரித்தோம். அம்மா போனபிறகு நாங்கள் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான்.

ஆறு மாதத்தில் ஊரெல்லாம் தெரிந்துவிட்டது. அதோடு நின்றதா என்றால் இல்லை. நீலக் கறிதான் வேண்டும் என்று வாடிக்கைக்காரர்கள் அடம்பிடிக்க ஆரம்பித்தார்கள். அரசாங்கமே வந்து சோதித்து உப்பு தூக்கல் என்று முத்திரை போட்ட கறி, ஏமாற்று வேலை இருக்காது என்று அவர்களுக்கு நம்பிக்கை. ஒரு கடைக்காரன் சோதனை வராத வாரத்தில் தானே நீலம் வாங்கிப் பூசி விற்றான். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். எங்கள் அதிகாரிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

அந்த அதிகாரியை எல்லாரும் உப்புமானி என்றுதான் கூப்பிடுவார்கள். உப்பை அளக்கும் கருவி எப்போதும் அவர் கழுத்தில் தொங்கும், தூங்கும்போதாவது கழற்றுவாரா என்று எனக்குச் சந்தேகம். ஒல்லி ஆள், குரல் உயராது. அன்று காலை பதினொரு மணிக்கு வேன் அண்ணன் கடை முன்னால் நின்றது. சொந்தக்காரர் இடத்துக்கு என்னை அனுப்பாதீர்கள் என்று எழுதிக் கொடுத்திருந்தேன். வேறு பெண் இல்லைம்மா என்றார், பேச்சு முடிந்தது.

சாய டிரம் புதிதாக இருந்தது. மூடியைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கும் ஒரு வாடை. "என்னப்பா இது?" என்று டிரைவரைக் கேட்டேன். "புது சரக்குக்கா, நேத்துதான் வந்துச்சு" என்றான். புதுச் சாயம் அப்படித்தான் போல என்று கட்டையால் கலக்கினேன்.

உள்ளே கயிற்றில் வரிசையாகக் கறி தொங்கியது. கருவியைக் குத்தின இடமெல்லாம் முள் கடைசிக்குப் போனது. அண்ணன் வாசலை மறித்து நின்றான். உடன் வந்த காவலர் இருவரும் அவனைப் பிடித்துச் சுவரில் சாத்தினார்கள். திமிறினான். ஒருவர் லத்தியால் அவன் முழங்காலுக்குப் பின்னால் ஓங்கி ஒன்று கொடுத்தார், மண்டியிட்டு விழுந்தான். விழுந்தவன் முதுகில் இன்னும் நாலு. நான் அதைப் பார்த்துக்கொண்டேதான் ஊற்றினேன்.

அண்ணி என் பக்கத்தில் வந்து நின்றாள். "உன் கையால ஊத்து. நல்லா ஊத்து. வீட்டுக்கு எந்த மூஞ்சியோட வருவேன்னு பார்க்கிறேன்."

"அண்ணி, வேலை அண்ணி. சாயந்திரம் வந்து நானே அலசித் தர்றேன்" என்று காதோரம் சொன்னேன். அவள் என் காலடியில் துப்பிவிட்டுப் போனாள்.

வேன் இரண்டு தெரு தாண்டியிருக்கும். கட்டை என் மடியில் கிடந்தது. உப்புமானி கருவியைத் துடைத்துக்கொண்டே, "இனிமே நீலக் கறி வியாபாரம் நடக்காது" என்றார்.

"ஏன் சார்?"

"இந்தத் தடவை பூச்சிமருந்து சேர்த்திருக்கோம். தின்னவன் ரெண்டாவது தடவை கேட்க மாட்டான்."

"அவங்களுக்குச் சொன்னீங்களா?"

"தடை செஞ்ச பண்டம்மா. அதைத் தின்னக் கூடாதுன்னு சட்டமே சொல்லுதே. தனியா வேற சொல்லணுமா?"

வண்டியை நிறுத்து என்றேன். டிரைவர் கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தான். நான் கட்டையின் முனையால் டிரைவர் தோளில் குத்திவிட்டுக் கதவைத் திறந்து குதித்தேன். ஓடுகிற வண்டி. இரண்டு முட்டியும் தார் ரோட்டில் தேய்ந்து சதை கிழிந்தது. எழுந்து கட்டையோடு ஓடினேன்.

அண்ணன் சும்மா இருந்திருந்தால் நேரம் இருந்திருக்கும். வெந்நீர் வைத்து, அலசி, சமைக்க ஒரு மணி நேரமாவது ஆகும். ஆனால் முதுகில் அடி வாங்கியவன் சும்மா இருப்பானா? கறி வெட்டும் மேசையைத் தெருவுக்கு இழுத்துப் போட்டு அதன் மேல் ஏறி நின்றிருந்தான். சுற்றிலும் நாற்பது பேர், பாதிப் பேர் கையில் போன். அவன் கையில் நீலம் சொட்டச் சொட்ட ஒரு துண்டு.

"என் வாய். என் வயிறு. எது போடணும்னு எனக்குத் தெரியும்" என்று கத்தினான். "அலசக்கூட மாட்டேன். அப்படியே தின்னு காட்டுறேன், பாருங்கடா."

கடித்தான். மென்றான். கூட்டம் கைதட்டியது.

"அண்ணா, துப்பு, அது விஷம்" என்று கத்திக்கொண்டே கூட்டத்தைப் பிளந்தேன்.

எல்லாரும் சிரித்தார்கள். ஒலிபெருக்கியில் இரண்டு வருடமாகக் கேட்ட அதே குரல், அதே வார்த்தை. "உப்பும் விஷம், சர்க்கரையும் விஷம், இவங்களுக்கு எதுதான் விஷம் இல்ல?" என்றது அண்ணிதான். அண்ணன் என்னைப் பார்த்தான், நன்றாகப் பார்த்துக்கொண்டே ஒரு வாய் விழுங்கினான். எல்லாம் தெரிந்தவள் நான்தானே, வெறும் நிறம் என்று சொன்னவள்.

மேசையில் ஏறி அடித்தேன். தாடை எலும்பு முறிந்த சத்தம் கட்டை வழியாக என் கைக்கு வந்தது. இரண்டாவது அடியில் பல்லும் கறியும் சேர்ந்து தெறித்தன. அவன் கீழே விழுந்தான், நான் அவன் மேல் விழுந்தேன். முழங்காலால் வயிற்றில் இடித்தேன். உடைந்த வாயைப் பிளந்து விரல்களைத் தொண்டைவரை விட்டேன். அவன் என் விரலைக் கடித்தான். எலும்புவரை கடித்தான். நான் எடுக்கவில்லை.

கூட்டத்துக்கு என்ன தெரிந்திருக்கும்? அரசாங்கச் சம்பளக்காரி, ஒருவாய்க் கறிக்காகக் கூடப்பிறந்தவனையே கொல்கிறாள். யாரோ என் முடியைப் பிடித்து இழுத்தார்கள். விலாவில் உதை, பிடரியில் உதை, ஒருத்தன் செருப்புக் காலோடு என் கன்னத்தை மிதித்தான். நான் அண்ணன் வாயிலிருந்து கையை எடுக்கவில்லை. அவன் நீலமும் சிவப்புமாக வாந்தி எடுத்தான். இன்னும் எடு, இன்னும் எடு என்று இடித்துக்கொண்டே இருந்தேன்.

அந்த நேரத்தில்தான் அண்ணியைப் பார்த்தேன். ஆட்களின் கால்களுக்கு நடுவே தெரிந்தாள். மேசையில் கிடந்த நீலக் கறியில் ஒரு பெரிய துண்டைப் பிய்த்தாள். என் கண்ணைப் பார்த்தாள். "இந்தா, இப்ப என்ன பண்ணுவே?" என்று கேட்டுவிட்டு வாயில் திணித்தாள். நிதானமாக மென்று விழுங்கினாள். பிறகு இன்னொன்று எடுத்தாள்.

நான் விஷம் என்று கத்தினேன். என் வாயிலும் இரத்தம், என்ன சத்தம் வந்ததோ தெரியாது.

என்னைத் தேடி வேன் திரும்பி வந்ததால்தான் நான் பிழைத்தேன். கூட்டம் என்னை விட்டுவிட்டு அங்கே ஓடியது. உப்புமானியை ஜன்னல் வழியாக வெளியே இழுத்து, அந்தக் கருவியாலேயே முகத்தில் குத்தினார்கள். கறியில் குத்தும் அதன் ஊசி அவர் ஒரு கண்ணுக்குள் போனது. வேன் கவிழ்ந்தது, டிரம் உருண்டு தெரு முழுக்க நீலம் ஓடியது. அதைப் பார்த்து எனக்குப் பாவமாக இல்லை. இன்றைக்கும் இல்லை.

ஆம்புலன்ஸில் அண்ணனைப் படுக்க வைத்தார்கள். அண்ணி அவன் தலைமாட்டில் உட்கார்ந்து என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள். நல்ல வார்த்தை ஒன்றும் இல்லை. பாதி வழியில் அவளுக்கு வியர்க்க ஆரம்பித்தது. சேலைத் தலைப்பால் துடைத்துத் துடைத்துத் திட்டினாள். அப்புறம் வாயோரம் நுரை தள்ளியது, திட்டுவது நின்றுபோனது. அவள் கையை நான் பிடித்தேன். உதறப் பார்த்தாள், பலம் இல்லை. மூன்றாம் நாள் காலை செத்தாள்.

விசாரணை இன்னும் முடியவில்லை. பதிவேட்டில் சாயம் என்று மட்டும்தான் இருக்கிறது. பூச்சிமருந்து என்று எந்தக் காகிதத்திலும் இல்லை, ஊற்றியவள் கையெழுத்து மட்டும் இருக்கிறது.

ஐந்தாம் நாள் அண்ணனைப் பார்க்க விட்டார்கள். தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள், பல் திறக்காது. குழாய் வழியாகக் கஞ்சித் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. திட்டுவான், இல்லை அழுவான் என்று நினைத்துப் போனேன். என் கட்டுப் போட்ட விரல்களையே வெகுநேரம் பார்த்தான். பிறகு பல்லுக்கு நடுவிலிருந்து பேசினான், குனிந்து காதைக் கொடுத்தால்தான் புரிந்தது.

"என்னை அடிச்ச மாதிரி அவளையும் அடிச்சிருக்கலாம்ல."

என் கை உன் வாயில் இருந்தது என்று சொன்னேன். அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். அண்ணியை அடிக்க வேண்டும் என்று எனக்கு அந்த நேரத்தில் தோன்றவே இல்லை. அதை நான் விசாரணையிலும் சொல்லவில்லை, அவனிடமும் சொல்லவில்லை.