முதலாவதா, இரண்டாவதா

“உங்ககிட்ட சொல்றது செவிடன் காதுல ஊதின சங்குதாம்மா! அந்தப் பெட்டியை மூடித் தொலைங்கன்னு எத்தனை தடவை சொல்றது?”

“கையை வெச்சுப் பாரு, தெரியும் சேதி! திறந்தது திறந்தபடி இருக்கட்டும்.”

கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருக்கிறது. தலைமாட்டில் அம்மாவுக்கும் மகளுக்கும் இந்தக் கூத்து. துக்கம் கேட்க வந்த அக்கம்பக்கம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு காதை மட்டும் தீட்டிக்கொண்டது.

பெட்டி என்றால் ஆம்ப்ளிஃபயர். மனுஷனுக்குக் குடி இல்லை, சீட்டு இல்லை. இருந்த ஒரே பித்து, அதற்குள்ளிருக்கும் எட்டுக்கால் சிப்பைப் பிடுங்கிவிட்டு வேறொன்றைச் சொருகுவது. ஒரே பாட்டை இரண்டு சிப்பிலும் போட்டுக் காட்டி, மனைவியைக் கேட்பார்: “முதலாவதா, ரெண்டாவதா?”

முதலாவது என்றால் இன்னொரு தரம் கேள் என்பார். அடுப்பில் பால் பொங்கும். அதனால் இருபது வருஷமாக அவளுக்கு ஒரே பதில்: “ரெண்டாவது.” அவரும் பயபக்தியோடு நோட்டில் எழுதிக்கொள்வார்.

இன்று காலை மட்டும் நாக்கு சும்மா இருக்கவில்லை. “எல்லாம் ஒரே இரைச்சல்தான். என்னைக்கு எனக்கு வித்தியாசம் தெரிஞ்சுது? சும்மா சொல்லிட்டிருந்தேன்.”

அவர் பெட்டியைத் திறந்தார். இருந்த சிப்பைப் பிடுங்கினார். ட்வீசர் கையிலிருக்க, அப்படியே மேஜைமேல் சாய்ந்தார். அந்தப் பேச்சை அவள் மகளிடம்கூடச் சொல்லவில்லை.

அவருடைய கூட்டாளி டிவி மெக்கானிக் வந்தான். மூக்கை உறிஞ்சிக்கொண்டே பெட்டிக்குள் எட்டிப் பார்த்தான்.

“கடைசியா எதை சொன்னீங்கக்கா? அதைப் போட்டு மூடிடறேன்.”

அவள் திறந்த பெட்டியையே பார்த்தாள்.

“நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். அவருக்குத்தான் பத்து வருஷமா காது மந்தமாச்சே. மெல்லிசான சத்தம் எதுவும் எட்டாது. வீட்டுல மூச்சு விடாதேடாம்பார். ‘எனக்கென்னடா குறை, அவளுக்குப் பாம்புக் காது’ம்பார். உங்க பேச்சை நம்பி நானே நாப்பது பெட்டியில சிப்பு மாத்திட்டேன்க்கா.”

அவள் பெட்டிக்கு எதிரே போய் உட்கார்ந்தாள்.

“ரெண்டையும் போடு.”

“இப்பவா?”

“பாட்டோட போடு.”

“அம்மா! பொணத்தை வெச்சுக்கிட்டு...”

“நீ சும்மா இரு.”

சாவு வீட்டில் பாட்டுப் போட்டாள் என்று தெரு ஒரு மாசம் மென்றது. அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி, இரண்டு தரமும் கடைசிவரை கேட்டதை யாரும் சொல்லவில்லை. முதலில் போட்டதில் பாடுகிறவள் அடிக்கு அடி மூச்சு வாங்குவது கேட்டது. மற்றதில் கேட்கவில்லை.

“முதலாவது,” என்றாள். மெக்கானிக் அவருடைய நோட்டில் எழுதி, கையோடு எடுத்துக்கொண்டான்.

அடுத்த வருஷம் மகள் வீட்டை விற்றுவிட்டு அம்மாவோடு வேறு ஊருக்குப் போனாள். வண்டியில் இடமிருந்தும் பெட்டி அம்மா மடியில்தான் போயிற்று. மெக்கானிக் நாற்பத்தைந்து வயதில் தையல்காரியைக் கட்டிக்கொண்டான். அவன் கடையைக் கூட்ட வந்த புதுப்பெண்டாட்டி ஒரு பழைய நோட்டைப் புரட்டிப் பார்த்தாளாம். பக்கம் பக்கமாக இரண்டு, இரண்டு, இரண்டு. கடைசியில் ஒரே ஒரு ஒன்று.

“யார் வீட்டுக் குழந்தைங்க, இத்தனை ரெண்டு எழுதிப் பழகியிருக்கு?” என்று கேட்டாளாம்.

அவன் நோட்டை வாங்கி, தூசியைத் தட்டி, மேல் தட்டில் வைத்தான்.