தண்ணீர் வருமட்டும் கிண்டிய கிடங்கு

கொழும்புக் கல்லூரியொன்றிலிருந்து ஆறு பேர் மண்வெட்டியும் அலவாங்குமாகச் சுன்னாகத்தில் ரயிலால் இறங்கியதைக் கண்டபோது சீவரத்தினத்தின் மனம் குளிர்ந்துவிட்டது. பழங்காலத்து ஆட்களைப் புதைத்த இடம் தேடி வந்தவர்கள் அவர்கள். மற்றக் காணிக்காரர்கள் எல்லோரும், பிணம் கிண்ட விடமாட்டோம் என்று படலையைச் சாத்திவிட்டார்கள். சீவரத்தினம் மட்டும் தானாகப் போய்க் கூப்பிட்டார்.

காரணம் இருந்தது. அவருடைய புகையிலைத் தோட்டத்தில் கிணறு இல்லை. சித்தப்பாவின் மகன் சண்முகநாதனோடு பங்குக் கிணற்றில் முறைவைத்து இறைத்தவர். வியாழக்கிழமை முறை யாருடையது என்று நாலு வருடத்துக்கு முன் தொடங்கிய சண்டையில் முதலில் பேச்சு நின்றது. பிறகு தண்ணீரும் நின்றது. புகையிலைக் கன்றுகளுக்குக் குடத்தில் தண்ணீர் சுமந்து மனைவி மீனாம்பிகையின் இடுப்பு முறிந்துகொண்டிருந்தது.

"கொஞ்சம் கிண்டிப் பாக்கலாமோ, அண்ணை?" என்று கேட்டார் குழுவின் தலைவர், விரிவுரையாளர் செபநாயகம்.

"கொஞ்சமென்ன சேர், தண்ணி வருமட்டும் கிண்டுங்கோ!"

ஆனால் அவர்கள் கிண்டியது தெற்கு மூலையில். சீவரத்தினம் கிணற்றுக்குக் குறித்து வைத்திருந்ததோ வடக்கு மூலை. அதைவிட மோசம், மண்வெட்டியை ஓரமாகச் சாத்திவிட்டுக் கரண்டியாலும் தூரிகையாலும் மண்ணைத் தடவிக்கொண்டிருந்தார்கள். நாலு நாளில் ஒரு சாண் ஆழம்.

"உவங்கள் கிணறு வெட்டி முடிக்கேக்கை நாங்கள் ரண்டுபேரும் உதுக்குள்ளை எலும்பாய்க் கிடப்பம்" என்றாள் மீனாம்பிகை.

ஐந்தாம் நாள் விடியக்காலமை சீவரத்தினம் ஒரு சட்டியை உடைத்து வடக்கு மூலையில் புதைத்து, மேலே தண்ணீர் தெளித்து மிதித்துவிட்டார். பிறகு செபநாயகத்தைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்.

"சேர், இஞ்சை பாருங்கோ. பழைய காலத்துச் சட்டி!"

செபநாயகம் குந்தியிருந்து ஓட்டுத்துண்டைத் தோண்டியெடுத்தார். மண்ணைத் தட்டினார். மூக்கடியில் பிடித்தார்.

"அண்ணை, உதிலை ஒடியல் கூழ் மணக்குதே."

சீவரத்தினம் வாய் திறப்பதற்குள் வேலிக்கரையிலிருந்து மீனாம்பிகையின் சத்தம்:

"ஐயோ, என்ரை கூழ்ச்சட்டி! விடியத்தொடக்கம் தேடுறன்!"

மாணவர்கள் சிரித்துச் சிரித்துக் குழிக்குள் விழுந்தார்கள். சீவரத்தினம் தலைகுனிந்து கிணற்றுக் கதையை ஒன்றும் விடாமல் சொன்னார். செபநாயகத்துக்கு இரக்கம் வந்துவிட்டது. "உங்கடை ஆசைக்கு ரண்டு முழம் வெட்டித் தாறம். மிச்சத்தை நீங்கள் வெட்டுங்கோ" என்றார்.

அந்த இரண்டு முழம் முடியமுன்னமே ஒரு மாணவன் கத்தினான். கறுப்பும் சிவப்புமான ஒரு பானையின் விளிம்பு. அதற்கப்பால் ஒரு கால் எலும்பு. மாலைக்குள் முழு ஆளே தெரிந்தது, மல்லாந்து படுத்தபடி, தலைமாட்டில் நாலு பானைகளோடு.

செபநாயகம் சீவரத்தினத்தைக் கட்டிப்பிடித்தார். "இனி இந்த இடத்திலை ஒருத்தரும் கைவைக்கேலாது, அண்ணை! அரசாங்கம் விடாது!"

சீவரத்தினத்துக்கு அழுகை வந்தது. ஆனந்தக் கண்ணீர் என்று மாணவர்கள் நினைத்துக் கைதட்டினார்கள்.

அடுத்த நாள் ஊரே திரண்டு வந்தது. படலை சாத்தியவர்களும் வந்தார்கள். மூன்றாம் நாள், ஊர்ச்சனம் இல்லாத மத்தியான நேரம் பார்த்துச் சண்முகநாதனும் வந்து குழியின் அந்தப் பக்கம் நின்றான். இந்தப் பக்கம் சீவரத்தினம். நடுவில் அந்த ஆள். வெகுநேரம் இரண்டு பேரும் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கடைசியில் சண்முகநாதனால் பொறுக்க முடியவில்லை. "ஆரண்ணை உது?"

"ஆருக்குத் தெரியும்? ரண்டாயிரம் வருசமாம்."

"ரண்டாயிரமோ!" சண்முகநாதன் தலையைச் சொறிந்தான். "அப்ப உந்தாளும் இஞ்சை தோட்டம் செய்திருக்கும், என்ன?"

"செய்திருக்கும். எங்கை தண்ணி அள்ளிச்சுதோ."

சண்முகநாதன் புகையிலைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். "உங்கடை கண்டெல்லாம் வாடிப்போய்க் கிடக்குது, அண்ணை. நாளைக்கு வியாழன். வந்து இறையுங்கோவன்."

"வெள்ளியெண்டாலும் பறவாயில்லை" என்றார் சீவரத்தினம்.

"இல்லையில்லை, வியாழன் உங்கடை. வெள்ளி என்ரை."

"நானும் அண்டைக்கு இதைத்தானேயடா சொன்னனான்!"

குரல் மெல்ல உயரத் தொடங்கியது. குழிக்குள் தூரிகையோடு இருந்த செபநாயகம் நிமிர்ந்து, "கரையிலை நிண்டு துள்ளாதேங்கோ, மண் சரியுது!" என்று அதட்டினார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஓரடி பின்னே வைத்தார்கள்.