பாய்லர்காரர் நடத்திய தேர்தல்

வாளால் ஆகாததை வாக்குச்சீட்டு செய்து முடிக்கும். கொடுங்கோலர்களின் கோட்டைகளைத் தரைமட்டமாக்கிய ஆயுதம் உலகத்தில் அது ஒன்றுதான். இந்த மகத்தான உண்மையைப் பாய்லர்காரர் சலவைக்கூடத்தின் நடுவில், கவிழ்த்துப் போட்ட அழுக்குக் கூடையின் மேல் ஏறி நின்று அறிவித்தார். 'கோட்டை' வரைக்கும் கூடை தாங்கியது. 'தரைமட்டம்' வரும்போது அவருடைய இடது கால் முழங்கால்வரை உள்ளே போய்விட்டது. உருவி எடுக்க மூன்று பேர் தேவைப்பட்டார்கள். மூன்று பேர் நெஞ்சிலும் சிவப்பு ரிப்பன்.

ரிப்பன் இடியின் கட்சி அடையாளம். இடி என்பது இஸ்திரிப் பிரிவின் தலைவர். விரிப்பைத் தேய்க்கிற சூட்டு உருளை ஓடும் சத்தத்தையும் மீறிப் பேசக்கூடிய ஒரே ஆள் என்பதால் வந்த பெயர். ஆஸ்பத்திரிகளுக்கும் ஓட்டல்களுக்கும் படுக்கை விரிப்பு வெளுக்கும் அந்தக் கூடத்தில் எண்பத்து நாலு பேர் வேலை செய்தார்கள். அங்கே நடக்கும் கெட்டதற்கெல்லாம் காரணம் புதுசாக வந்தவர்கள் என்று இடி கண்டுபிடித்திருந்தார். தலையணை உறை காணாமல் போனால் புதுசுகள். தண்ணீர் குறைந்தால் புதுசுகள். சாப்பாட்டு அறையில் பெஞ்சுக் கால் முறிந்ததற்கும் புதுசுகள்தான்; முறிந்தபோது அதில் உட்கார்ந்திருந்தது இடி.

"நான் தொழிலாளர் குழுத் தலைவனாகட்டும். அஞ்சு வருஷத்துக்குள்ள வந்தவங்களை வேலையைவிட்டு அனுப்புற லிஸ்டு மறுநாளே முதலாளி மேஜைமேல இருக்கும்!" என்றார் இடி.

முதலாளி எப்படிப்பட்டவர் என்பது எல்லோருக்கும் தெரியும். குழுத் தலைவர் நீட்டுகிற எந்தத் தாளையும் படிக்காமல் ஒப்புக்கொள்கிற பெருந்தன்மை அவருக்கு உண்டு. அந்த லிஸ்டில் முதல் பெயர் பாய்லர்காரரின் மருமகளுடையது. வந்து மூன்று வருஷம்தான் ஆகிறது. முதலிடம் கிடைத்தது வாய்க்காக.

ரிப்பன் முதல் வாரம் பத்து பேரிடம் இருந்தது. குத்தாதவர்களுக்கு டீ கடைசியாகத்தான் வரும் என்றானதும் மூன்றாம் வாரம் அறுபதாகிவிட்டது.

"மாமா, அறுபதையும் எண்ணிட்டேன். வேற வேலை தேட ஆரம்பிக்கட்டுமா?" என்று பாய்லர் அறை வாசலில் வந்து நின்றாள் மருமகள்.

"ஜனநாயகத்துமேல நம்பிக்கை வைம்மா."

"அதுமேல இருக்கு மாமா. நடத்துறது நீங்களா இருக்கீங்களேன்னுதான் பயம்."

அது உண்மை. தேர்தல் அதிகாரி வேலைக்கு வேறு யாரும் கை தூக்காததால் அது பாய்லர்காரர் தலையில் விழுந்தது. அவர் கிரீடம் என்று நினைத்துக்கொண்டார். இருபத்தாறு விதிகள் எழுதிச் சுவரில் ஒட்டினார். சோப்புத்தூள் டிரம் ஒன்றைக் கழுவி ஓட்டுப் பெட்டியாக்கினார். எதிர் வேட்பாளராக மடிப்பு மேஜை அக்கா நின்றாள். அவளுடைய தேர்தல் உரை முழுவதும் இவ்வளவுதான்: "கக்கூஸ் தாப்பாளைச் சரி பண்ணுவேன். யாரையும் அனுப்ப மாட்டேன், இருக்கிற ஆளே பத்தல." பிறகு விரிப்பை மடிக்கப் போய்விட்டாள். கோட்டை, கொடுங்கோலர் ஒன்றுமில்லாத அந்தப் பேச்சு பாய்லர்காரருக்குச் சப்பென்றிருந்தது.

தேர்தலன்று காலையிலேயே இடி ஆரம்பித்தார். "ரகசிய ஓட்டு எதுக்கு? கையைத் தூக்கச் சொல்லுங்க! யோக்கியனுக்கு மறைக்க என்ன இருக்கு?"

"அப்ப நீங்க கதவைத் திறந்து வெச்சுதான் குளிக்கிறீங்களாண்ணே?" என்றாள் மருமகள்.

கூடமே குலுங்கிச் சிரித்தது. அதிகம் சிரித்தவர்கள் தங்கள் நெஞ்சிலிருந்த ரிப்பனைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்கள்.

மூலையில் கயிறு கட்டி ஒரு வெள்ளை விரிப்பைத் தொங்கவிட்டு, பின்னால் மேஜை போட்டு, இருட்டாக இருக்கிறதென்று பெரிய விளக்கு ஒன்றையும் வைத்தார் பாய்லர்காரர். சீட்டில் மேலே இஸ்திரிப்பெட்டி, இடியின் சின்னம். கீழே மடித்த துணி, அக்காவின் சின்னம். பிடித்ததற்கு நேரே முத்திரை குத்த வேண்டும். இடி ஒரு நாற்காலியை இழுத்துத் திரைக்கு எதிரே போட்டுக் கைகட்டி உட்கார்ந்தார்.

ஏன் உட்கார்ந்தார் என்பது முதல் ஆள் உள்ளே போனதுமே விளங்கியது. ஆயிரம் முறை வெளுத்து நைந்த விரிப்பு. விளக்கு வெளிச்சத்தில் ஆளின் நிழல் விரல்வரைக்கும் அச்சாக விழுந்தது. கை மேலே போனால் இஸ்திரிப்பெட்டி, கீழே வந்தால் துணி. மேலே போன ஒவ்வொரு கைக்கும் இடி "பலே!" என்றார். பன்னிரண்டாவது ஆள் சோப்புக் கரைக்கிற பெரியவர். அவர் கை மெல்லக் கீழே இறங்கியது. இடி தொண்டையைக் கனைத்தார். கை நின்றது, பிறகு மேலே ஏறியது.

மருமகள் பாய்லர்காரரின் காதருகே வந்தாள். "மாமா, இது ரகசிய ஓட்டு இல்ல. சினிமா."

"விதிப்படி திரை இருக்கணும். இருக்கே?"

"துணி இருக்கு. மறைப்புதான் இல்ல. ஒரு கம்பளியைத் தொங்கவிடுங்களேன்."

இடிக்குக் காது கூர்மை. "ஒன்பதாவது விதி! ஓட்டுப்பதிவு ஆரம்பிச்சப்புறம் திரையையோ விளக்கையோ யாரும் தொடக்கூடாது. நீங்களே எழுதினதுதான் அதிகாரி!"

தன் விதியை ஒருவர் படித்திருக்கிறார் என்று பாய்லர்காரருக்கு ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது. அடுத்த கணம் மருமகளைத் திரும்பிப் பார்த்தார். எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறவள் தன் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். அதுதான் அவரை உலுக்கியது. நாளைக்கு அவள் போவாள். கை மாற்றிக் குத்திவிட்டு வெளியே வருகிறாரே, அந்தப் பெரியவர் முதலானவர்கள் ஓட்டுப் போட்டுத்தான் அவளை அனுப்பியிருப்பார்கள்.

அவர் எழுந்தார். "பாய்லர்ல அழுத்தம் ஏறிடுச்சு. கொஞ்சம் வெளிய விடணும்" என்று பொதுவாக அறிவித்துவிட்டு பாய்லர் அறைக்குள் போனார். இருபத்தாறு விதிகளில் நீராவியைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது.

புஸ்ஸென்று கிளம்பிய நீராவி ஐந்து நிமிஷத்தில் கூடத்தை விழுங்கிவிட்டது. திரை தெரியவில்லை, நிழல் தெரியவில்லை, பக்கத்து ஆள் மூக்கு தெரியவில்லை. இடி கண்ணாடியைத் துடைத்தார், போட்டார், மறுபடி துடைத்தார். "யாரு போறது? யாருய்யா அது?" என்று அவர் கேட்கக் கேட்க, "நான்தாண்ணே!" என்று ஏழெட்டுத் திசையிலிருந்து பதில் வந்தது. வரிசை தடவித் தடவி நகர்ந்தது. யாரோ பாட ஆரம்பித்தார்கள். யாரோ யார் காலையோ மிதித்தார்கள். மூன்று வாரமாக உம்மென்றிருந்த கூடம் பள்ளிக்கூடம் விட்ட மாதிரி ஆகிவிட்டது.

மத்தியானம் டிரம்மைத் திறந்தால் சீட்டெல்லாம் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன.

"பிரிச்சா கிழியும், காயவெச்சா சுருண்டுக்கும். உருளையில விட்டுத்தான் எடுக்கணும்" என்றாள் மடிப்பக்கா.

எல்லோரும் இடியைப் பார்த்தார்கள். உருளையில் அவரைவிடக் கைதேர்ந்தவர் அங்கே கிடையாது. "வேற எவனாவது தொட்டான்னா கருக்கிடுவான்" என்று முனகிக்கொண்டே அவர் எழுந்தார். ஒவ்வொரு சீட்டாக, நகத்தால் ஓரம் பிரித்து, ஈரத்துணிக்கு நடுவே வைத்து உருளைக்குள் செலுத்தினார். தன்னைத் தோற்கடிக்கிற சீட்டுகளைக்கூட அப்பளம் மாதிரி, ஒரு சுருக்கம் இல்லாமல் எடுத்துக் கொடுத்தார். நடுவில் ஒரு முறை அவரே மெய்மறந்து, "பாத்தியா, எப்படி வந்திருக்கு!" என்று ஒரு சீட்டை மருமகளிடம் காட்டினார். மடித்த துணிக்கு நேரே முத்திரை.

"தொழில்னா தொழில்ணே" என்றாள் அவள், மனசாரவே.

மடிப்பக்காவுக்கு நாற்பத்தைந்து. இடிக்கு முப்பத்தெட்டு.

கூடம் கூரை பிய்த்துக்கொள்கிற மாதிரி கத்தியது. சோப்புக் கரைக்கிற பெரியவர் ஓர் ஈர விரிப்பைத் தலைக்குமேல் சுழற்றினார். மருமகள் அழுதாள், சிரித்தாள், பக்கத்தில் நின்ற யாரையோ கட்டிக்கொண்டாள்.

"ரிப்பன் அறுபதுய்யா!" என்று இடி எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"டீ சூடா வேணும்ல" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

"முப்பத்தெட்டும் லேசில்ல. ரெண்டு வருஷம் கழிச்சு மறுபடி நிப்பேன், பாத்துக்குங்க!"

"நில்லுங்கண்ணே. நாங்களும் இங்கதான் இருப்போம்" என்றாள் மடிப்பக்கா. பிறகு திருப்புளி எடுத்துக்கொண்டு கக்கூஸ் பக்கம் போனாள்.

நாற்பத்தைந்தும் முப்பத்தெட்டும் எண்பத்து மூன்று. செல்லாத ஓட்டு ஒன்று மிச்சமிருந்தது. பெயரோ கையெழுத்தோ இருக்கிற சீட்டு செல்லாது என்பது பதினான்காவது விதி. அந்தச் சீட்டில், மடித்த துணிக்கு நேரே தெளிவாகக் குத்தியிருந்த முத்திரையின் கீழே, பாய்லர் பதிவேட்டில் மணிக்கொரு தரம் போடுகிற மாதிரியே, தேர்தல் அதிகாரியின் முழுக் கையெழுத்து தேதியோடு இருந்தது.