எண்பத்தெட்டு கிலோ

சீனிவாசராகவனின் எடை எண்பத்தெட்டு கிலோ. அவரைக் கவனித்துக்கொள்ள தினமும் மர்பி டவுனிலிருந்து மல்லேஸ்வரத்துக்கு வரும் மரகதத்தின் எடை நாற்பத்தொன்பது. பக்கவாதத்தில் அவருக்கு வலது கையும் காலும் விழுந்திருந்தன. வேலைக்குச் சேர்ந்த அன்றே அவருடைய மகள் வித்யாலட்சுமியிடம் மரகதம் சொல்லிவிட்டாள்.

"மேடம், சாரைக் கட்டில்லேர்ந்து சேருக்கு மாத்த ரெண்டு பேர் வேணும். தனியாத் தூக்க மாட்டேன்."

"முன்னாடி இருந்த பொண்ணு தனியாத்தானே செஞ்சா?"

மரகதம் வாதாடவில்லை. ஒவ்வொரு முறையும் மாடிப்படியடியில் நின்று கூப்பிட்டாள். வித்யாலட்சுமி முணுமுணுத்தபடியே இறங்கி வந்தாள். மரகதத்தின் தோழி பாஞ்சாலி, பொம்மனஹள்ளியில் ஒரு அம்மாளைத் தனியாகத் தூக்கப்போய் டிஸ்க் விலகி எட்டு மாதமாகப் படுக்கையில் கிடக்கிறாள். அந்த வீட்டார் ஒருநாள்கூட எட்டிப் பார்க்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை கஞ்சியோடு அறைக்கு வந்த மரகதம் திடுக்கிட்டாள். பெரியவர் கட்டில் கம்பியைப் பிடித்துத் தானே எழுந்து நின்றிருந்தார். முட்டி மடங்கிக்கொண்டிருந்தது. கிண்ணத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். தாங்கிப் பிடித்தால் இருவருமே விழுவார்கள். பயிற்சியில் சொன்னபடி அவர் முதுகுப்பக்கம் போய், மார்பைச் சுற்றிக் கைகோத்து, ஒரு காலை முன்னால் நீட்டி, அவரைத் தன் தொடைமேல் சறுக்கவிட்டுத் தரையில் உட்காரவைத்தாள். தலை எங்கும் இடிக்கவில்லை.

சத்தம் கேட்டு வித்யாலட்சுமி ஓடிவந்தாள். "அப்பாவக் கீழ போட்டுட்டீங்களா? தூக்குங்க, ஏன் பாத்துட்டு இருக்கீங்க?"

"இப்பத் தூக்கக்கூடாது மேடம். அடி கிடி பட்டிருக்கான்னு முதல்ல பாக்கணும்." அவருடைய இடுப்பையும் காலையும் மெல்லத் தடவிப் பார்த்தாள். "எங்கயாவது வலிக்குதா சார்?"

அவர் இல்லை என்று தலையாட்டினார்.

"உங்களை அனுப்பின ஏஜென்சிக்குப் போன் பண்றேன்," என்றாள் வித்யாலட்சுமி.

"பண்ணுங்க. அதுக்கு முன்னாடி உங்க கேமராவுல பாத்துடுங்க."

வேலைக்கு வருபவர்களைக் கண்காணிக்க வித்யாலட்சுமியே மாட்டிய கேமரா அது. போனில் ஒருமுறை பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். அதற்குள் பெரியவர் குழறும் நாக்கால் சொன்னார்: "நான்தான் எழுந்தேன். இவ இல்லேன்னா மண்டை ஒடஞ்சிருக்கும்."

வித்யாலட்சுமி அப்பாவின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "ஸாரி மரகதம். இப்ப என்ன செய்யணும்?"

"பக்கத்து வீட்டு பிரகாஷ் சாரைக் கூப்பிடுங்க. கெட்டியா ஒரு போர்வை எடுத்துட்டு வாங்க."

பிரகாஷ் வந்ததும், போர்வையைப் பெரியவருக்கு அடியில் விரித்து மூவரும் ஓரங்களைப் பிடித்தார்கள். "முதுகை வளைக்காதீங்க, முட்டியை மடக்குங்க," என்றாள் மரகதம். இருவரும் மறுபேச்சில்லாமல் மடக்கினார்கள்.

அடுத்த திங்களன்று, பெரியவரின் இடுப்பில் கட்டிப் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி வைத்த பெல்ட் வந்தது. காலை மாலை இரண்டு மணி நேரம் உதவிக்கு இளவேனில் என்ற இன்னொருத்தியும் வந்தாள். ஆளுக்கொரு பக்கம் பிடிக்க, சீனிவாசராகவன் ஜன்னலருகே ஒரு நிமிடம் நின்றார்.

"உக்காரலாமா சார்?" என்றாள் மரகதம்.

"இன்னும் கொஞ்சம் நிக்கறேனே," என்றார் அவர்.