அட்டவணையில் இல்லாத ஆள்

"நான் சொல்றதை முழுசா..."

"நீங்க என்ன சொல்லப் போறீங்கன்னு எனக்குத்..."

"தெரியாது! தெரிஞ்சிருந்தா இப்படிப் போட்டிருக்க மாட்டே."

"முதல்ல கையை எடுங்க. மை இன்னும் காயலை."

அவர் கையை எடுக்கவில்லை. சமையலறை மேசை முழுக்க விரிந்து கிடந்த கட்டம் போட்ட தாளில் அவருடைய விரல் ஓரிடத்தில் ஊன்றி நின்றது. காபி ஆறி ஆடை கட்டியிருந்தது. பிற்பகல் வெயில் தாளின் பாதி வரை ஏறியிருந்தது.

மருத்துவமனையின் சலவைக்கூடத்துக்கு அவள்தான் மேற்பார்வையாளர். அதே கூடத்தில் நீராவி கொடுக்கிற நான்கு பாய்லர்காரர்களில் அவள் கணவரான அவர் ஒருவர். மறுநாள் காலை பத்து மணிக்குள் புது ஷிப்ட் அட்டவணை மேலாளர் கைக்குப் போயாக வேண்டும். போன மாதம் துணி மடிக்கிற மடிப்பு ராணி நின்றபடியே கண் அசந்து, அவளுடைய சட்டைக் கை தேய்ப்பு உருளைக்குள் போய்விட்டது. பக்கத்தில் இருந்தவள் நிறுத்தும் பட்டனை அழுத்தியதால் துணியோடு போயிற்று. கைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதுவரை ஏழு நாள் நைட், அடுத்து மதியம், அடுத்து காலை என்று தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருந்த பழைய அட்டவணையை அன்றைக்கே கிழித்துப் போட்டார்கள்.

"இது மூணாவது குழு. நான் இருக்கிற குழு. சரியா?"

"சரி."

"மூணு நாள் காலை, மூணு நாள் மதியம், மூணு நாள் நைட், அப்புறம் மூணு நாள் லீவு. உடம்பு போற போக்குல போகுது. குறையே சொல்ல மாட்டேன்."

"ஒரு மணி நேரமா அதைத்தானே செய்யறீங்க."

"நான் லீவுல இருக்கிற மூணு நாளுக்கும் கீழே இது என்ன?"

"எது?"

"கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பாரு."

"பென்சில் கறை."

"கறை இப்படி வரிசையாப் போய் உட்காருமா? கட்டத்துக்கு ஒண்ணு, நட்ட நடுவுல?"

அவள் கண்ணாடியைத் தேடுவதுபோல மேசையைத் தடவினாள். கண்ணாடி அவள் தலைமேலேயே இருந்தது. அவர் அதை எடுத்து மூக்கில் மாட்டிவிட்டார்.

"எண்ணிட்டேன். மொத்தம் மூணு புள்ளி. அப்ப மதிய ஷிப்டுக்கு வர்ற முதல் குழுவுல அஞ்சு பேர்தான் இருக்காங்க. ஆறாவது ஆள் யாரு?"

"காலையில நான் இருக்கேன், நைட்ல துணி குறைவுங்க. அஞ்சு பேரே சமாளிச்சுடுவாங்க."

"நான் கேட்டது மதியம்."

"தள்ளுவண்டிக்காரர் போனதுலேருந்து அந்த இடம் காலியாத்தான் இருக்கு. உங்களுக்குத் தெரியாதா?"

"அவர் போய் ரெண்டு வருஷம் ஆச்சு. ரெண்டு வருஷமா வண்டியைத் தள்றது யாரு?"

அவள் காபி ஆடையைக் கரண்டியால் ஒதுக்கினாள்.

"காலையில ஆறு மணிக்குப் போறே. அப்படியே மதிய ஷிப்டுலயும் நிக்கறே. ராத்திரி பத்துக்கு வந்து விழறே. மறுபடியும் ஆறுக்கு ஓடறே. நடுவுல எத்தனை மணி நேரம்?"

"போதும்."

"எட்டு. ரெண்டு ஷிப்டுக்கு நடுவுல பதினோரு மணி நேரம் வேணும்னு சுவத்துல எழுதி ஒட்டினது யாரு? பக்கத்து வீட்டுக்காரியா?"

"அது ஆளுங்களுக்கு எழுதினது."

"அப்ப நீ என்ன, மெஷினா? மெஷினுக்குக்கூட மாசம் ஒருநாள் எண்ணெய் விட நிறுத்தறோம்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பை உள்ளேயே அடக்கிக்கொண்டாள். இப்போது சிரித்தால் தோற்றுவிட்ட மாதிரி ஆகிவிடும்.

"சரி, அதை விடு. அந்தப் புள்ளி ஏன் சரியா என் லீவு நாள்லயே விழுது?"

"தானா விழுந்துச்சு."

"தானா விழறதுக்கு அது என்ன மழையா? நாலு குழுவுல எதை அஞ்சு பேர் குழுவா வைக்கறதுன்னு முடிவு பண்ணினது நீ."

மகள் பிறந்ததிலிருந்து அவர்கள் வீட்டுக் கணக்கு ஒன்றுதான்: இருவரில் ஒருவர் எப்போதும் வீட்டில் இருக்க வேண்டும். அவர் காலை என்றால் இவள் மதியம், இவள் காலை என்றால் அவர் நைட். பதினெட்டு வருடம் வாசற்படியில் சாவியைக் கை மாற்றிக்கொண்டே ஓடிவிட்டது. காய்ச்சல், பரீட்சை, கோபம் எல்லாவற்றையும் குளிர்சாதனப் பெட்டிமேல் ஒட்டிய துண்டுச் சீட்டுகளில்தான் பேசிக்கொண்டார்கள். ஆறு மாதத்துக்கு முன்னால் மகள் படிக்கப்போய் விடுதியில் சேர்ந்தாள். அதன்பிறகு சீட்டும் ஒட்டுவதில்லை.

"பொண்ணு போய் ஆறு மாசமாச்சு," என்றார் அவர். குரல் தணிந்திருந்தது. "இன்னும் யாரைப் பார்த்துக்கறதுக்காக என்னை எதிர்ப்பக்கம் வெச்சிருக்கே?"

"பழக்கம்."

"பழக்கம்னா கை தானா போடும். நீ கணக்குப் பார்த்துப் போட்டிருக்கே."

"பயமா இருக்குங்க."

"எதுக்கு?"

"மூணு நாள். முழுசா மூணு நாள். நீங்களும் நானும் இந்த வீட்டுல. உட்கார்ந்து என்னத்தைப் பேசறது? தண்ணி வரலை, பால் தீர்ந்துடுச்சு, பொண்ணுக்குப் பீஸ் கட்டியாச்சு. இதைத் தவிர நாம என்ன பேசியிருக்கோம்?"

அவர் நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"எனக்கும் தெரியாது," என்றார். "அதுக்காக நீ வண்டி தள்ளிச் சாகணுமா?"

"வாயைக் கழுவுங்க."

"கழுவறேன். நீ புள்ளியை அழி."

"அழிச்சா அங்கே ஓட்டை தெரியும்."

"தெரியட்டும்! நீ மூடி மூடி வெச்சா, ஆள் குறையுதுன்னு மேலே யாருக்குத் தெரியும்? ரெண்டு வருஷமா அவங்க தாளைப் பார்க்கறாங்க. வேலை நடக்குது, ஆள் போதும்னு நினைச்சுக்கறாங்க."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். ஒருத்தரும் வேலைக்கு வராமல் போய்விடக் கூடாது, ஒரு நோயாளிக்கும் விரிப்பு இல்லாமல் போய்விடக் கூடாது என்று அவள் ஓடிய ஓட்டத்தில் இது அவள் புத்திக்கு எட்டவே இல்லை.

மறுநாள் காலை மேலாளர் தாளைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இந்தக் கட்டம் ஏன் காலியா இருக்கு?"

"ஆள் இல்லை சார்."

"எப்பலேருந்து?"

"ரெண்டு வருஷமா."

"அப்ப இத்தனை நாள் எப்படி ஓடுச்சு?"

"நான் ஓட்டினேன்."

"ஏம்மா சொல்லலை?"

"நீங்க கேட்கலை. நானும் கேட்கவிடலை."

மேலாளர் தாளைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு வார்டு உதவியாளர்களில் ஒருவரை அன்றைக்கே அனுப்புவதாகவும், மாதத்துக்குள் நிரந்தரமாக ஆள் போடுவதாகவும் தாளின் ஓரத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

சலவைக்கூடத்தில் அட்டவணையை ஒட்டியதும் கூட்டம் கூடிவிட்டது.

"அக்கா, நைட் மூணு நாள்தானா? ஏழு இல்லையா?"

"மூணுதான். முடிச்சதும் லீவு. போய்த் தூங்கு."

"தூங்கறதா? எங்க வீட்டு வாண்டுங்க விட்டாத்தானே!"

"உன் மாமியாரை விரட்டச் சொல்லு."

"அவங்களை யாரு விரட்டறது?"

சிரிப்புக்கு நடுவே மடிப்பு ராணி மட்டும் தாளின் அடி வரிசையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இது யாரோட வரிசை?"

"என்னோடது. மேற்பார்வை."

"லீவே இல்லையே?"

"அப்புறம் போட்டுக்கறேன்."

"அப்புறம்னா எப்ப? நாங்க எல்லாரும் ரிட்டையர் ஆனதுக்கு அப்புறமா?" என்று ராணி அவள் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கினாள். "பாய்லர் அண்ணன் எந்தக் குழு?"

"மூணு," என்று நாலைந்து குரல்கள் ஒன்றாகச் சொல்லின.

"ஏய், வேணாம். புருஷனுக்கு ஏத்தமாதிரி லீவு போட்டுக்கிட்டாள்னு பேச்சு வரும்."

"வரட்டும், பேசறது நான்தானே!" என்று மடிப்பு ராணி மூன்றாவது குழுவின் லீவுக்கு நேர் கீழே மூன்று கட்டங்களைக் கறுப்பாக அடைத்தாள். "என் கை போயிருந்தா நீதான் எனக்குச் சோறு ஊட்டியிருப்பே. கை இருக்கு. எழுத விடு."

ஒன்பது நாள் கழித்து அந்தக் கட்டங்கள் வந்தன.

முதல் நாள் கடைசி நைட்டை முடித்து வந்து அவர் மாலை வரை தூங்கினார். அவள் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் நடந்தாள். இரண்டாம் நாள் இருவரும் சேர்ந்து சாப்பிட்டார்கள். எதிரெதிரே உட்கார்ந்து, உப்பைப் பற்றி ஒரு தடவை, மகளைப் பற்றி இரண்டு தடவை பேசினார்கள். அவர் சாப்பிடும்போது இடது கையால் காதைத் தடவிக்கொள்கிறார் என்பதை அவள் அன்றைக்குத்தான் கவனித்தாள்.

"எப்பவும் இப்படித்தான் தடவுவீங்களா?"

"எதை?"

"ஒண்ணும் இல்லை. சாப்பிடுங்க."

சாப்பிட்ட தட்டுகளை எடுத்துக்கொண்டு அவர் கழுவுதொட்டிப் பக்கம் போனார். அவள் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தாள். கடைக்கோ, துணிக்கோ, யாருக்காகவோ எழுந்து ஓட வேண்டியதில்லை என்று உடம்புக்கு மெல்லப் புரிந்தது. கால்களை எதிர் நாற்காலியில் தூக்கி வைத்தாள். தண்ணீர் ஓடும் சத்தத்தில் அவள் தலை ஒருபக்கமாகச் சரிந்தது. வாய் லேசாகத் திறந்து, மூச்சு நீண்டது.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. தட்டைத் துடைத்தபடி, எங்கிருந்து ஆரம்பிப்பது என்று வெகுநேரம் யோசித்துவிட்டு, கூச்சத்தோடு கேட்டார்:

"ஏம்மா, சாயங்காலம் எங்கேயாவது கொஞ்சம் நடந்துட்டு வரலாமா, நீயும் நானும்?"