ஏரிக்கரைப் பேருந்து

ஹனோயில் முப்பது வருடம் நகரப் பேருந்து ஓட்டிய குவாட்டுக்கு, ஓய்வு பெற்ற இந்த நான்கு மாதமாகத் தூக்கமில்லை. முழங்காலும் வீங்கிக் கிடந்தது.

"மாத்திரை வேணாம். காலைல ஏரியைச் சுத்தி நடங்க," என்றார் டாக்டர்.

நடந்தார். ஆனால் பழக்கம் விடவில்லை. ஒவ்வொரு கல்பெஞ்சிலும் தானாக நின்று, ஆள் ஏற நேரம் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினார். இரண்டாம் நாள், பின்னால் உடற்பயிற்சிக்காகக் கைதட்டிக்கொண்டே நடந்துவந்த நூடுல்ஸ் கடை ஹியென் அவர் முதுகில் இடித்துக்கொண்டாள்.

"என்னண்ணே, பஸ் மாதிரி நிக்கறீங்க, டிக்கெட் எடுக்கணுமா?"

"முதல்ல உள்ள தள்ளி நில்லு தங்கச்சி, வழியை மறைக்காத."

நான்கு மாதத்தில் டாக்டரைத் தவிர வெளியாளிடம் அவர் பேசிய முதல் பேச்சு அது.

மறுநாள் ஹியென் பெஞ்சருகே காத்திருந்து, பஸ்ஸில் ஏறுவதுபோல் அவர் பின்னால் ஏறிக்கொண்டாள். பார்த்தவர்களும் பெஞ்சுக்குப் பெஞ்சு சேர்ந்துகொண்டார்கள். மாதக் கடைசியில் நாற்பத்தொரு பேர் பின்னால் நடந்தார்கள். கூட்டம் தாங்காமல் குவாட் இரண்டாவது நடையும் விட்டார். முழங்கால் வீக்கம் வடிந்துபோனது.

"தூக்கம் எப்படிம்மா?" என்று அவர் மனைவி துயெட்டிடம் டாக்டர் கேட்டார்.

"ஒம்பது மணிக்கே தூங்கிடறார் டாக்டர். தூக்கத்துலதான் என்னையும் உள்ள தள்ளிப் படுக்கச் சொல்றார். நாற்பத்தொரு பேருக்கும் இடம் வேணுமாம்."