எட்டு பவுண்டு வால்பலகை

1

இந்தக் கதை ஒரு அறிவிப்புப் பலகைக்காகத் தொடங்கியது. வெர்ன் ஹட்செல் ஜைரோ என்கிற தன் ஒற்றையாள் பறக்கும் எந்திரத்தோடு விழுந்து செத்து ஐந்து வாரம் ஆகிறது. வருகிற சனிக்கிழமை எங்கள் இண்டியானா புல்தரை விமானக் களத்தில் மறுபடியும் எல்லோரும் பறந்து வந்து கூடுகிறார்கள்.

"எப்படி நடந்துச்சுன்னு ஒரு பக்கம் எழுதிக் குடு, ராஸ். ஆளாளுக்கு வந்து என்கிட்ட கேக்கிறதத் தாங்க முடியல" என்றாள் அவர் மனைவி ரோனெட்.

ஒரு பக்கம்தான். நாலு நாளாக எழுதுகிறேன்.

2

முதல் தொடக்கம்: "அன்று காலை காற்று திடீரென்று—"

பொய். காற்றின் திசை காட்டும் துணிப்பை கம்பத்தில் துவண்டு கிடந்தது.

இரண்டாம் தொடக்கம்: "முப்பது வருடம் வயல்களுக்கு மருந்து தெளிக்கும் விமானம் ஓட்டியவர் வெர்ன்." இது உண்மை. ஆனால் படிப்பவர்கள் அனுபவசாலி என்று ஆறுதல் கொள்வார்கள். அந்த அனுபவம்தான் அவரைக் கொன்றது.

[விமானத்தில் மூக்கு தூக்கினால் கையிலுள்ள கட்டுப்பாட்டுக் கோலை முன்னால் தள்ளுவார்கள். ஜைரோவில் வெடுக்கென்று தள்ளினால், தலைக்கு மேல் சுற்றும் விசிறியின் மீது பாரம் இல்லாமல் போகும். எந்திரம் குப்புறக் கவிழும். பின்னால் படுக்கைவாட்டில் வால்பலகை இருந்தால் மூக்கு அவ்வளவு ஆடாது.]

3

எடை பார்க்கிறவன் என்று ஒருவன் வருகிறான். முதல் இரண்டு பிரதிகளில் அவனுக்கு மீசை வைத்தேன், வேறு ஊர்க்காரனாக்கினேன். ஒட்டவில்லை. எடை பார்த்தது நான்.

ஆள் ஏறாத வெறும் எந்திரம் 254 பவுண்டுக்குள் இருந்தால் ஜைரோ ஓட்ட உரிமம் வேண்டாம். இதய அறுவைக்குப் பிறகு வெர்னுக்கு உரிமம் கிடையாது. எடை போடாமல் களத்துச் சொந்தக்காரர் யாரையும் பறக்க விடுவதில்லை.

"எவ்வளவுடா?" என்றார் வெர்ன்.

"இருநூத்தி அறுபத்தொண்ணு."

"கண்ணாடியத் தொடைச்சுட்டுப் பாரு."

"தொடைச்சாச்சு. ஏழு அதிகம். காலைல தின்ன பன்னிக்கறிய எந்திரத்துலயா கட்டி வச்சிருக்க?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வெர்ன் வால்பலகையைத் தட்டினார்.

"இது எட்டு இருக்கும். ஒரு காலத்துல இது இல்லாமத்தான் எல்லாரும் பறந்தாங்க."

"நெறைய பேரு செத்தாங்க, கிழவா."

"நான் பறக்கக் கத்துக்கிட்டப்ப உனக்கு மூக்கு ஒழுகிட்டு இருந்துச்சு. ஸ்பேனர எடு."

4

களத்துக்கு மேலே இரண்டாவது சுற்றில் மூக்கு லேசாகத் தூக்கியது. அவர் கை பழக்கப்படி தள்ளியது. மூக்கு இறங்கியது, தூக்கியது, இன்னும் அதிகமாக இறங்கியது. மூன்றாவது முறை விசிறி மிச்சமிருந்த வாலை வெட்டியது. பிறகு சோயா வயல்.

[இங்கே ஓர் உவமை இருந்தது. அடித்துவிட்டேன்.]

5

முடிவு அ: "இருநூத்தி ஐம்பத்துநாலு" என்கிறேன். தராசை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. வெர்ன் வால்பலகையோடு பறந்து, இறங்கி, என்னைக் கிண்டல் செய்கிறார்.

முடிவு ஆ: நான் ஸ்பேனரை எடுக்கவில்லை. திட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறார். இரண்டு வருடம் என்னோடு பேசுவதில்லை.

முடிவு இ, நடந்தது: நான்கு போல்ட். இடது பக்கம் அவர் இரண்டு, வலது பக்கம் நான் இரண்டு. நான்தான் முதலில் முடித்தேன்.

6

நேற்று நாலாம் பகுதி வரை ரோனெட்டுக்குப் போனில் படித்துக் காட்டினேன்.

"அந்தாளு பிடிவாதம் எனக்குத் தெரியாதா? தனியாத்தான கழட்டினாரு?"

"நாளைக்குச் சொல்றேன்" என்றேன். இந்தக் கேள்விக்கு யாராவது இப்படிப் பதில் சொல்வார்களா?

ஆமாம் என்றால் செத்தவரை ஆயுசுக்கும் திட்டுவாள். இல்லை என்றால், திட்டுவதற்கு நான் உயிரோடு இருக்கிறேன். எது அவளுக்கு நல்லது என்று யோசிப்பதாக எழுதினால் அதுவும் பொய். எனக்கு எது நல்லது என்றுதான் யோசிக்கிறேன். உங்களுக்கு அவளையும் தெரியாது, என்னையும் தெரியாது. கடைசி வரியை நீங்களே முடியுங்கள்:

வால்பலகையைக் கழற்றியது